வண்ணாரப்பேட்டை ஆல்டரேஷன் கடை: வீட்டுக் கணக்கு நோட்டை வைத்து ஒரு மதிப்பீடு

சென்னையின் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 250 ரூபாய்க்குச் சட்டையும் 300 ரூபாய்க்கு நைட்டியும் வாங்கிவிட முடிகிறது. அப்படியிருக்க, கிழிந்ததைத் தைப்பதற்கு 150 ரூபாய் கேட்கும் கடைக்கு ஒருவர் எதற்காகப் போக வேண்டும்? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு அந்தக் கடையைப் பற்றி எழுத முடியாது, ஏனென்றால் கடை இருப்பதே அந்தப் புதுத்துணி வெள்ளத்தின் கரையில்தான். எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மூட்டை மூட்டையாக நைட்டிகளும் சுடிதார்களும் இறங்கும் இரண்டு மொத்த விற்பனைக் கடைகளுக்கு நடுவே, ஆறடி அகலத்தில் அது இருக்கிறது. பலகையில் கடைக்குப் பெயர் கிடையாது. 'ஆல்டரேஷன், ரஃபு, ஜிப்' என்ற மூன்று சொற்கள் மட்டும் உண்டு. ரஃபு என்பது கிழிசலை இழை ஓட்டி நெய்து அடைப்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டைக் காலர், ஜிப், பள்ளிச் சீருடை, ரஃபு ஆகிய நான்கு வேலைகளுக்கும் இந்தக் கடையை நம்பிப் போகலாம். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஐந்தாவதாக ஒரு வேலையும் இங்கே நடக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். பனியன் துணிக்கும் அவசர வேலைக்கும் போக வேண்டாம். கூலி குறைவு என்பதற்காக இதைப் பரிந்துரைக்கவில்லை, சில வேலைகளுக்குத் தெருவில் கேட்பதைவிட இங்கே அதிகமாகவே கேட்கிறார்கள். வாங்கிய கூலிக்கு எத்தனை மாதம் அந்தத் துணி உழைக்கும் என்பதைத் துணியை வாங்கும்போதே ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். மளிகை, பால், கேஸ், பள்ளிக் கட்டணம் என்று நோட்டில் பத்தி பிரித்துக் கணக்கு எழுதுகிற வீடுகளுக்கு அந்த ஒரு தகவல் கூலியைவிட முக்கியமானது.

கடையை நடத்துபவர்கள் ஒரு தம்பதி. எல்லோரும் கணவரை மாஸ்டர் என்றும், மனைவியை அக்கா என்றும் அழைக்கிறார்கள். கால்மிதி மிஷின் ஒன்று, மோட்டார் பூட்டிய பவர் மிஷின் ஒன்று, ஓரம் அடிக்க ஓவர்லாக் மிஷின் ஒன்று, இவ்வளவுதான் கருவிகள். மாஸ்டரின் அப்பா பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் நெசவுப் பிரிவில் இருந்தவர். காக்கித் துணிக்குப் பெயர்போன அந்த ஆலை 1996இல் மூடப்பட்டபோது வேலையிழந்த குடும்பங்களில் இவர்களுடையதும் ஒன்று. துணியை விரலால் தடவிப் பார்த்தே இழையையும் பாவு ஊடையின் (நெடுக்கு, குறுக்கு இழைகளின்) நெருக்கத்தையும் சொல்லும் பழக்கம் அங்கிருந்து வந்தது என்கிறார். பெருமையாகச் சொல்லிக்கொள்வது போலத் தோன்றலாம், ஆனால் கடையின் தரமே அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

கொடுத்த துணியில் மாஸ்டர் முதலில் பார்ப்பது கிழிசலை அல்ல. கிழிசலுக்கு இரண்டு விரல் தள்ளி, பார்வைக்குக் கெடாமல் இருக்கும் இடத்தை இரண்டு கட்டை விரல்களுக்கு நடுவே பிடித்து, பாவு வாக்கில் ஒரு முறையும் ஊடை வாக்கில் ஒரு முறையும் இழுத்துப் பார்க்கிறார். பிறகு டியூப்லைட்டுக்கு நேராக உயர்த்திப் பிடிக்கிறார். ஆணியில் மாட்டிக் கிழிந்த துணிக்கும் தேய்ந்து கிழிந்த துணிக்கும் வேறுபாடு அங்கேதான் தெரிகிறது. முன்னதில் கிழிசலைத் தவிர மற்ற இடமெல்லாம் உறுதியாக இருக்கும். பின்னதில் கிழிசல் என்பது முழுப் பரப்பிலும் நடந்துகொண்டிருக்கிற தேய்மானத்தின் முதல் அறிகுறி மட்டுமே. இரண்டாவது வகையை அவர் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுகிறார். "இத்துப் போச்சும்மா, நூலு நிக்கும், துணி நிக்காது" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம். அது வெறும் பேச்சும் அல்ல. இற்ற பருத்தித் துணியில் தடித்த பாலியஸ்டர் நூலை நெருக்கித் தைத்தால், இழுவை வரும்போது நூல் அறுவதில்லை. ஊசி போட்ட துளைகளின் வரிசையில் துணிதான் கோடு கிழித்தாற்போல் பிளக்கிறது. அப்படிப் பிளந்த துணியை மறுபடி தைக்க விளிம்பில் இடமும் இருக்காது.

ரேயான் குர்த்திகளைப் பற்றி அவர் தரும் எச்சரிக்கையை இங்கே பதிவு செய்வது பலருக்கும் பயன்படும். எம்.சி. ரோட்டில் இப்போது மலிவாகக் கிடைக்கும் குர்த்திகளிலும் நைட்டிகளிலும் பெரும்பகுதி ரேயான். இந்த இழை ஈரமாகும்போது தன் உறுதியில் பெரும் பங்கை இழந்துவிடுகிறது. பருத்தியோ ஈரத்தில் கூடுதல் உறுதி பெறுகிறது. எனவே கல்லில் அடித்துத் துவைப்பதையும் முறுக்கிப் பிழிவதையும் பருத்தி வேட்டி தாங்கும், ரேயான் குர்த்தி தாங்காது. அக்குளிலும் பக்கத் தையலிலும் விட்டுப்போன ரேயான் குர்த்தியை அவர் தைத்துத் தருகிறார், ஆனால் தையலை முன்பிருந்த இடத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளிப் போட வேண்டியிருப்பதால் உடம்பு சற்று இறுக்கமாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். இதற்கு 50 ரூபாய்.

இனி வேலைகளுக்கு வருகிறேன். சட்டைக் காலரைத் திருப்பித் தைப்பது இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அலுவலகச் சட்டை முதலில் தேய்வது பிடரியில் உரசும் காலர் மடிப்பில்தான். உடம்புத் துணி நன்றாக இருக்கும்போதே காலரில் வெள்ளை இழை தெரிய ஆரம்பித்துவிடும். மாஸ்டர் காலரை அதன் பட்டையிலிருந்து பிரித்து, தேய்ந்த மேல்பக்கம் அடியில் போகும்படி திருப்பி, பழைய தையல் கோட்டிலேயே மறுபடி வைத்துத் தைக்கிறார். கூலி 90 ரூபாய். 900 ரூபாய்க்கு வாங்கிய சட்டை இரண்டு ஆண்டுகள் உழைத்தால் மாதத்திற்கு 37 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகிறது. காலர் திருப்பிய பிறகு அதே சட்டை இன்னும் எட்டு மாதம் ஓடினாலே மாதத்திற்கு 11 ரூபாய்தான். எங்கள் வீட்டில் அதைவிட அதிகமாகவே ஓடியிருக்கிறது. ஆனால் எல்லாச் சட்டைக்கும் இது நடக்காது. முனையில் பொத்தான் போடும் காலராக இருந்தால் காஜா துளை தடுக்கும். அடிப்பக்கத்தில் 'காலர் எலும்பு' (காலரை விறைப்பாக நிறுத்தும் சிறு பட்டை) செருகும் பை இருந்தால், திருப்பிய பிறகு அந்தப் பையின் வாய் மேலே வந்து அசிங்கமாகத் தெரியும். மேலே ஒரு துணி, அடியில் வேறு நிறத் துணி வைத்துத் தைத்த காலருக்கும் வழியில்லை. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, புதுச் சட்டை வாங்கும்போதே நான் காலரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். கடைக்காரர்கள் விசித்திரமாகத்தான் பார்க்கிறார்கள்.

ஜிப் வேலையில் அவருடைய நேர்மை நன்றாகத் தெரிகிறது. ஜிப் மூடிய பிறகு பின்னால் வாய் பிளந்துகொண்டால், பெரும்பாலான இடங்களில் முழு ஜிப்பையும் மாற்றச் சொல்வார்கள். பல்லில் குறை இருப்பது அரிது. மேலும் கீழும் ஓடி ஓடி ரன்னரின் (ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் துண்டின்) உட்புறம் அகன்றுபோவதால் இரு பக்கப் பல்லையும் அது நெருக்கிப் பூட்டுவதில்லை. மாஸ்டர் முதலில் குறடால் ரன்னரின் இரு ஓரத்தையும் மெல்ல அழுத்திப் பார்க்கிறார், அதற்குக் காசு வாங்குவதில்லை. அது சில மாதங்கள்தான் தாங்கும் என்றும் சொல்லிவிடுகிறார். பிறகும் பிளந்தால் ரன்னரை மட்டும் மாற்ற 40 ரூபாய். பல் உதிர்ந்திருந்தால்தான் முழு ஜிப், ஜீன்ஸுக்கு 120 ரூபாய். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்றில் மலிவான உலோக ஜிப்புகள் சீக்கிரம் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன. பள்ளிப் பைக்கு நைலான் சுருள் ஜிப் போதும் என்றும், இறுகிய உலோக ஜிப்பின் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும் என்றும் அவர் சொன்ன பிறகு, எங்கள் வீட்டில் ஜிப் செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது. சொன்னதால் நட்டம் அவருக்குத்தான்.

சீருடைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பேன்ட்டின் கீழ்மடிப்பை இறக்க 60 ரூபாய், இடுப்பு விட 70 ரூபாய். ரெடிமேட் சீருடைகளில் உள்ளே விடும் துணி குறைந்துகொண்டே வருவதால், பின்பக்க நடுத்தையலில் எவ்வளவு துணி இருக்கிறது என்பதைப் பொறுத்தே இடுப்பு விட முடியும். பாலியஸ்டர் கலந்த துணியில் பழைய மடிப்புக் கோடு எந்த இஸ்திரிக்கும் போகாது. பாவாடையில் அந்தக் கோட்டின் மீது அதே நிறத்தில் மெல்லிய பைப்பிங் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். பள்ளியில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. பேன்ட்டில் கோடு தெரியத்தான் செய்யும்.

ரஃபு வேலை முழுவதும் அக்காவின் கையில். அதை அவர் மிஷினில் செய்வதில்லை, டியூப்லைட் வெளிச்சத்திலும் செய்வதில்லை. காலை பத்தரை மணிக்கு மேல் சந்தில் வெயில் இறங்கும் நேரத்தில் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து செய்கிறார். நிறம் சேரும் நூலை வெளியில் தேடுவதில்லை. அந்தத் துணியிலேயே கண்ணில் படாத இடத்தில், மடிப்புக்குள்ளிருந்தோ தையல் விளிம்பிலிருந்தோ, இழையை ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொள்கிறார். பிறகு ஓட்டையைத் தாண்டி நல்ல துணிக்குள் அரை அங்குலம் வரை பாவு இழைகளை ஓட்டி, அவற்றின் மேலும் கீழுமாக ஊடையை நுழைத்து, அந்தத் துணியின் நெசவையே திரும்ப நெய்கிறார். என் அம்மாவின் பட்டுப் புடவை ஒன்று பீரோ கொக்கியில் மாட்டி, புடவையின் உடல் பகுதியில் எல் வடிவத்தில் கிழிந்திருந்தது. உள்ளே கொசுவத்தில் மறையும் முனையிலிருந்து இழை எடுத்து அதை அடைத்துக் கொடுத்தார், 350 ரூபாய். கையில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. கட்டிக்கொண்டு நின்றால் தெரியவில்லை. இதற்கு மேல் யாரும் வாக்களித்தால் நம்ப வேண்டாம்.

எல்லாத் துணிக்கும் ரஃபு ஒத்துவராது என்பதையும் அவரே சொல்கிறார். தடித்த இழையும் கண்ணுக்குத் தெரியும் நெசவும் கொண்ட கம்பளி, ட்வில் பேன்ட் துணி, கைத்தறி ஆகியவற்றில் புது இழை பழையதோடு கலந்து மறைந்துவிடும். மெல்லிய வாயில் புடவைத் துணியிலும் வழவழப்பான சாட்டினிலும் ஒவ்வோர் இழையும் தனியாகத் தெரியும். அவற்றுக்கு ரஃபு கேட்டால், உள்ளே மெல்லிய துணி ஒட்டிக் கொடுப்பதே மேல் என்று சொல்லி 40 ரூபாயில் முடித்துவிடுகிறார். 300 ரூபாய் வருமானத்தை விட்டு 40 ரூபாய் வேலையைச் சொல்கிற கடையில் நான் பேரம் பேசுவதில்லை.

மாடித் தோட்டக்காரர்களுக்கான வேலை எந்தப் பலகையிலும் இல்லை. கோடையில் செடிக்கு மேல் கட்டும் பச்சை நிழல்வலை, காற்றில் அடித்து அடித்துக் கயிறு கட்டிய முனைகளிலேயே முதலில் கிழியும். அக்கா காசிமேட்டு மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். வலை பின்னும் வீட்டில் வளர்ந்த கைக்கு இது சிறிய வேலை. கிழிந்த முனையை இரண்டாக மடித்து, நடுவில் பழைய பெல்ட் நாடாவை வைத்துத் தைத்து, அதன் பிறகே கயிறு கோக்கும் வளையத்தை அடிக்கிறார். மடிக்காமல் வலையிலேயே நேராக வளையம் அடித்தால், இழுவை முழுவதும் நான்கைந்து இழைகளின் மீது விழுந்து அடுத்த காற்றுக்கே பிய்ந்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் தண்டையார்ப்பேட்டை மொட்டை மாடியில் நிழல்வலை இல்லாமல் கீரை நிற்பதில்லை என்பதால், வருடத்திற்கு ஒரு முறை புது வலை வாங்குவது எங்கள் தோட்டக் கணக்கில் பெரிய செலவாக இருந்தது. இப்போது நான்கு முனைகளுக்கும் 120 ரூபாயோடு முடிகிறது.

செடி வளர்க்கும் பைகளையும் தைத்துத் தருகிறார்கள். தோட்டக்கலைத் துறையின் மாடித் தோட்டத் தளையில் (தோட்டம் போடத் தேவையானவை அடங்கிய தொகுப்பில்) வரும் பாலித்தீன் பைகள் அல்ல, வெளியில் விற்கும் பச்சை நிற எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் நெசவுப் பைகளைச் சொல்கிறேன். பை நன்றாக இருக்க, கைப்பிடியும் அடித்தையலும் மட்டும் விட்டுப்போவது இவற்றின் வழக்கம். தொழிற்சாலையில் போடும் நூல் வெயிலில் முதலில் பலியாகிவிடுகிறது. மாஸ்டர் இதற்கு நைலான் நூலைத் தவிர்த்துப் பாலியஸ்டர் நூலைப் போடுகிறார். மீன்வலை நைலான் எவ்வளவு உறுதியானது என்று அக்கா வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் நாள் முழுதும் வெயிலில் காயும் இடத்தில் நைலானைவிடப் பாலியஸ்டர்தான் நீடிக்கும். பைக்கு 25 ரூபாய். புதுப் பை 70 ரூபாய்க்குக் கிடைக்கும்போது இது லாபமா என்பது பையின் துணியைப் பொறுத்தது: நகத்தால் கீறினால் வெள்ளைத் தூள் உதிர்கிற பையை அவர் தொடுவதே இல்லை, உதிராத பையைக் கொடுத்தால் இன்னும் இரண்டு பருவம் கத்திரியும் வெண்டையும் போடலாம். மண்ணைக் கொட்டி, கழுவிக் காயவைத்துக் கொண்டுபோக வேண்டும். ஒருவர் தென்னை நார்க்கழிவு ஒட்டிய பையோடு வந்து வாங்கிய திட்டு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பழைய ஜீன்ஸ் காலை வெட்டி அடியைத் தைத்துச் செடித் தொட்டி ஆக்குவது இணையத்தில் பரவலாகக் காட்டப்படுகிறது. கேட்டால் மாஸ்டர் தைத்துத் தருவார், நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈர மண்ணோடு எப்போதும் ஒட்டியிருக்கும் பருத்தியை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஒரு பருவத்திற்குள் அடி பிய்ந்து, மாடித் தரை முழுக்க மண்ணாகும். இற்றுப்போன பருத்திப் புடவைக்குத் தோட்டத்தில் நல்ல பயன் ஒன்று இருக்கிறது. விரலகலக் கீற்றுகளாகக் கிழித்துப் பாகற்கொடியையும் தக்காளியையும் குச்சியோடு கட்டினால், சணல் போலத் தண்டை அறுப்பதில்லை. தைக்க முடியாது என்று திருப்பிய துணியை அக்கா இப்படித்தான் பயன்படுத்தச் சொல்கிறார்.

குறைகளுக்கு வருவோம். டி-ஷர்ட், லெக்கிங்ஸ் போன்ற பனியன் துணிகளுக்கு முனை உருண்ட ஊசியும் இழுபடும் தையலும் வேண்டும். இங்கே சாதாரணக் கூர் ஊசியில், சாதாரண நேர்த் தையலில்தான் போடுகிறார்கள். ஊசி பின்னல் கண்ணியை அறுத்துவிடுவதால் ஓட்டையிலிருந்து மேலே ஏணிபோல் இழை ஓடுகிறது. அணிந்து கையைத் தூக்கியதும் தையல் நூலும் பட்டென்று விட்டுப்போகிறது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த கடை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் சொல்வதில்லை என்பது எனக்குப் புரியவில்லை. ஜீன்ஸின் கீழ்மடிப்பை வெட்டித் தைத்தால் வெளுத்த ஓரம் போய்விடுகிறது. அது பொறுக்கக்கூடிய குறை.

பெரிய குறை தேதி. இரண்டு நாள் என்றால் நான்கு நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ரஃபுவுக்குச் சொல்லும் ஒரு வாரம் சில சமயம் மூன்றாவது வாரத்தில் போய் முடிகிறது. ரசீது தருவதில்லை, துணியின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் எண் எழுதி, அதே எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தருகிறார்கள். கூலி எவ்வளவு என்பது மாஸ்டரின் நினைவில் மட்டுமே இருக்கிறது, அவர் இல்லாத நேரத்தில் போனால் அக்கா ஒரு தொகை சொல்வார், அது முன்பு சொன்னதற்கு ஒத்துவராமல் இருக்கலாம். நான் அந்தக் காகிதத்திலேயே கூலியையும் எழுதச் சொல்லி வாங்கிவிடுகிறேன், கேட்டால் மறுப்பதில்லை. அணிந்து பார்க்க மறைவான இடமும் இல்லை. ஆண்கள் பேன்ட்டை மேலே பிடித்து அளவு சொல்லிவிடுகிறார்கள், சுடிதார் பிடிக்க வரும் பெண்களுக்கு அது சங்கடம். அளவுக்கு ஒரு பழைய உடையைக் கையோடு கொண்டுபோவது நல்லது. இரவில் நூல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் மறுநாள் வெயிலில் வேறாகத் தெரிகிறது என்பதால், பகலில் போவதே சரி.

வேறு வழிகளோடு ஒப்பிட்டால், தெருவில் தள்ளுவண்டியில் மிஷின் வைத்துக்கொண்டு வருபவர் தலையணை உறை, லுங்கி மூட்டுவது, பையின் கைப்பிடி போன்ற வேலைகளை வீட்டு வாசலிலேயே 20, 30 ரூபாயில் முடித்துவிடுகிறார். அவற்றுக்காக வண்ணாரப்பேட்டை போவது வீண். பொத்தானும் விட்டுப்போன கீழ்மடிப்பும் வீட்டிலேயே செய்ய வேண்டியவை. வணிக வளாகங்களில் உள்ள ஆல்டரேஷன் கடைகளில் அணிந்து பார்க்க அறையும் கணினி ரசீதும் கிடைக்கின்றன, கூலி ஏறக்குறைய இரு மடங்கு, காலர் திருப்புவதையும் ரஃபுவையும் நான் விசாரித்த இடங்களில் எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டுக் கணக்கில் 'பழுது' என்று தனிப் பத்தி போட்டு மாதம் 300 ரூபாய் ஒதுக்குகிறேன். குடை, செருப்பு, குக்கர் காஸ்கெட், துணி எல்லாம் அதிலேயே அடங்க வேண்டும். செலவாகாத மாதத்தின் மீதி அப்படியே நிற்கும், ஏனென்றால் பள்ளி திறக்கும் ஜூன் மாதம் அதை முழுவதும் விழுங்கிவிடும். இந்தப் பத்தியைத் தனியாக வைத்த பிறகுதான் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: தைத்த துணியை அணியாமல் பீரோவில் வைத்தால், 60 ரூபாய் கூலியும் ஆடம்பரச் செலவுதான். ஆகவே கூலி குறைவா என்பதைவிட, தைத்து வந்த வாரமே அது உடம்பில் ஏறுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்கிறேன். கூலி, அதே தரத்தில் புதுத் துணி வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விட்டுவிடுகிறேன். பட்டுப் புடவைக்கு மட்டும் இந்த விதி கிடையாது. எம்.சி. ரோட்டின் 250 ரூபாய்ச் சட்டையை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், அதற்குக் காலர் திருப்ப 90 ரூபாய் கொடுப்பது பொருந்தாது. அது காலர் தேய்வதற்கு முன்பே அக்குளில் போய்விடுகிறது. அத்தகைய சட்டையை அங்கே கொண்டுபோனால் மாஸ்டரும் திருப்பித்தான் தருகிறார். கடை பிழைப்பது சற்று நல்ல துணி வாங்கி அதை நெடுநாள் உடுத்துகிறவர்களால்தான், அவர்களில் பெரும்பாலோர் மணலிக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களும் ஆசிரியர்களும்தான் என்பதை வாசலில் தொங்கும் துணிகளைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

கடை காலை பத்து மணிக்குத் திறந்து, மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மூடி, இரவு ஒன்பது வரை இருக்கிறது; ஞாயிறு மதியத்தோடு சரி. போன் வழியாகப் பணம் அனுப்ப அட்டை ஒட்டியிருக்கிறார்கள். வண்டி நிறுத்த இடமே இல்லை, மெட்ரோவில் வந்து நடப்பது நிம்மதி. 2021இல் பாதை விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து திருவொற்றியூர்க்காரர்களும் துணிப்பையோடு வரிசையில் நிற்கிறார்கள். துவைக்காத துணியை வாங்க மாட்டார்கள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் முந்தைய வாரங்களில் புதுத்துணிகளுக்கு அளவு பிடிக்கும் வேலை குவிந்துவிடுவதால், ரஃபுவை எடுத்துக்கொள்வதே இல்லை. தள்ளுபடிக்காக ஊரே புதுத்துணிக் கடைகளில் நிற்கும் ஆடி மாதத்தில் இங்கே கூட்டம் மெலிந்துவிடுகிறது. நேரம் பிடிக்கும் வேலைகளை அப்போது கொடுத்தால் சொன்ன தேதியிலேயே கைக்கு வருகின்றன.